காட்பாடி ரயிலில் செஸ்: என் போனில் கடைசியாக மிஞ்சிய ஆப்கள்

காட்பாடி–சென்னை சீசன் டிக்கெட் கூட்டத்தில் நான் எந்நேரமும் போனில் செஸ் பலகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் பக்கத்து சீட்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், இருக்கற செஸ் ஆப்லயே எது ஸ்ட்ராங்கா ஆடும்?" அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். ப்ளே ஸ்டோரில் கிடைக்கும் உருப்படியான எஞ்சின் (அதாவது மூவை யோசித்து ஆடும் செஸ் புரோகிராம்) எதுவாக இருந்தாலும் நம்மை அடித்துத் துவைத்துக் காயப்போட்டுவிடும்.

2009-லேயே இந்தக் கதை முடிந்துவிட்டது. பியூனஸ் அயர்ஸில் நடந்த கோப்பா மெர்கோசுர் போட்டியில் பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4 என்ற புரோகிராம், ஒரு எச்டிசி கைபேசியில் ஓடியபடியே 10 ஆட்டங்களில் 9½ புள்ளி எடுத்தது. ஒன்றே ஒன்று டிரா, மற்றதெல்லாம் வெற்றி. 1997-ல் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ கணினி நொடிக்குச் சுமார் 20 கோடி காய் நிலைகளை அலசியது. இந்தக் கைபேசி நொடிக்கு 20,000-ஐக்கூட எட்டவில்லை, அப்படியிருந்தும் கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடியது. இன்றைய சாதாரண போனே அதைவிடப் பல மடங்கு வேகம். பலத்தைப் பார்த்து ஆப் தேடுவது, வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து பக்கத்துப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போக ரேஸ் கார் விசாரிப்பது மாதிரி.

நான் பார்ப்பது வேறு. லெவலைக் குறைத்து வைத்தால் அது எப்படித் தோற்கிறது? என்னைப் போன்ற சுமார் ஆட்டக்காரனுக்கு அதுதான் முக்கியம்.

என் அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளிப் போட்டிகளுக்குப் போகிறாள். அவளுக்கு ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினைக் குறைந்த லெவலில் வைத்துக் கொடுத்தேன். இத்தாலியன் ஓப்பனிங் என்ற தொடக்க வரிசையை அழகாக ஆடியது, நேரத்துக்கு காஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்தியது, குதிரைகளைச் சரியான கட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு காரணமே இல்லாமல் ஒரு யானையைக் கொண்டுபோய் அவளுடைய சிப்பாயின் வாயில் வைத்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, "மாமா, இது வேணும்னே தோக்குது" என்றாள்.

பிள்ளை சொன்னது சரிதான். ஸ்டாக்ஃபிஷில் லெவலைக் குறைத்தால் அது மனிதனைப் போல மட்டமாக யோசிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல மூவ்கள் சிலவற்றை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, அவற்றில் சுமாரானதை அவ்வப்போது குலுக்கல் முறையில் எடுத்துப்போடும். பதினைந்து மூவ் புலி, பதினாறாவது மூவில் பூனை. மனிதன் அப்படித் தப்பு செய்வதில்லை. ஒரு பக்கம் தாக்கும் ஆசையில் மறுபக்கம் வரும் பிஷப்பைப் பார்க்காமல் விடுவான், டைம் குறைந்ததும் பதறுவான். அந்த மாதிரித் தப்பைப் பிடித்துத் தண்டிக்கக் கற்றால்தான் பள்ளிப் போட்டியில் உதவும்.

இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் பிடித்தது மாயா என்ற எஞ்சின். டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் மைக்ரோசாஃப்ட்காரர்களோடு சேர்ந்து 2020-ல் வெளியிட்டது. லீசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் சாதாரண மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை வைத்து, 'இந்த ரேட்டிங்காரர் (ரேட்டிங் என்பது ஆட்டத் திறமைக்கான எண்) இங்கே என்ன ஆடுவார்' என்று ஊகிக்கப் பழக்கியிருக்கிறார்கள். லீசெஸில் கணக்கு இருந்தால் மாயா1, மாயா5, மாயா9 என்ற பெயர்களில் ஆடக் கிடைக்கும். முறையே 1100, 1500, 1900 ரேட்டிங்காரர்களின் ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவை. மாயா1-ஓடு ஆடினால் காட்பாடி காந்தி நகரில் யாரோ ஒரு ரிட்டயர்டு வாத்தியாரோடு ஆடுவது போலவே இருக்கிறது. நாம் விழுகிற குழியில் அதுவும் விழுகிறது.

ஆனால் அதற்கு நெட் வேண்டும். காலை ரயிலில் வாலாஜா ரோடு தாண்டினாலே என் சிம்மில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். சோளிங்கர் பக்கம் சுத்தம். அங்கே கைகொடுப்பது ட்ராய்ட்ஃபிஷ். ஆண்ட்ராய்டுக்கு மட்டும் உள்ள இலவச ஆப், விளம்பரம் கிடையாது. ஸ்டாக்ஃபிஷ் உள்ளேயே வருவதால் நெட்டே இல்லாமல் ஓடும். தோற்றத்தைப் பார்த்தால் அரசு அலுவலக விண்ணப்பப் படிவம் ஞாபகம் வரும். இருக்கட்டும், நான் அதை அலங்காரத்துக்கு வைத்திருக்கவில்லை. முந்தின நாள் ஆடிய ஆட்டத்தின் பிஜிஎன் கோப்பை (மூவ்களை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) திறந்து, எங்கே சறுக்கினேன் என்று அரக்கோணம் வருவதற்குள் பார்த்து முடிக்கலாம். வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேறு மூவ் போட்டுப் பார்த்து, திரும்பவும் பழைய வரிசைக்கு வரலாம்.

ஒரு எச்சரிக்கை. சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் ஊர் பிளாட்பாரத்தில் நின்றபடி எஞ்சினை அலச விட்டால் போன் தோசைக்கல்லாகிவிடும். சூடு ஏறியதும் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரி கண்ணெதிரே இறங்கும். எஞ்சின் அமைப்பில் த்ரெட்ஸ் என்று ஒன்று இருக்கும், ஒரே நேரத்தில் எத்தனை இழைகளில் அது யோசிக்கிறது என்பதன் எண்ணிக்கை, அதை 1 அல்லது 2-ல் வையுங்கள். நம்முடைய மூவ் நேரத்திலும் அது யோசித்துக்கொண்டே இருக்கும் பாண்டர் வசதியையும் அணைத்துவிடுங்கள். நம் தப்பைக் கண்டுபிடிக்க அதற்கு அரை நொடி போதும்.

அடுத்த ஆப் செஸ்ஜீனியஸ், பழைய ஆள். ரிச்சர்ட் லாங் எழுதியது. 1994-ல் லண்டனில் ரேபிட் (குறைந்த நேர) போட்டியில் காஸ்பரோவையே வெளியேற்றிய பெயர் அதற்கு உண்டு. பழைய, மெதுவான போனிலும் திணறாமல் ஓடும், நெட் தேவையில்லை. கீழ் லெவல்கள் ஆரம்பக்காரர்களுக்கு ஒத்துவரும். என் அண்ணனுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன், இன்னும் மாற்றவில்லை.

இடையில் பளபளவென்று ஒரு ஆப் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் நகைக்கடை விளம்பரம், அதை மூடினால் இன்னொன்று. எங்கே தப்பு செய்தேன் என்று கேட்டால் பணம் கட்டு என்றது. சீக்கிரமே நீக்கிவிட்டேன். லீசெஸில் அந்தத் தொல்லை இல்லை. பிரான்ஸில் பதிவான லாபநோக்கமற்ற அமைப்பு நன்கொடையில் நடத்துவது. அலசல், பாடம், புதிர் எல்லாமே இலவசம். கிளம்புவதற்கு முன் வீட்டு வைஃபையில் ஒருமுறை திறந்துவிட்டால் போதும், கொஞ்சம் புதிர்களை இறக்கி வைத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாத இடத்தில் அவற்றைப் போடலாம்.

ரயிலில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். வண்டி தடம் மாறும்போது குலுக்கும், விரல் ஒரு கட்டம் தள்ளிப்போகும், ராணி சும்மா போய்விடும். காயை இழுத்து வைப்பதை விட்டுவிட்டு, காயை ஒரு தட்டு, போகும் கட்டத்தை ஒரு தட்டு என்று பழகுங்கள். லீசெஸில் மூவை உறுதி செய்யக் கேட்கும் வசதியும் இருக்கிறது. நிதானமான ஆட்டங்களுக்கு அதைப் போட்டுக்கொள்ளலாம், சில நிமிடங்களில் முடியும் ப்ளிட்ஸ் ஆட்டத்தில் அது நேரத்தைத் தின்னும்.

2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட், 2024-ல் குகேஷ் உலகச் சாம்பியன் என்று ஆனதிலிருந்து வேலூரில் பெற்றோர்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வேன்: போனோடு நிறுத்தாதீர்கள், ஒரு பிளாஸ்டிக் பலகையும் வாங்கிக் கொடுங்கள். அக்கா மகள் போனில் பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் செக்மேட்டை நிஜப் பலகையில் பல தடவை கோட்டைவிட்டாள். மேலிருந்து தட்டையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எதிரே நிற்கும் காய்களுக்குப் பின்னால் மூலையில் இருக்கும் பிஷப் மறைந்துவிடுகிறது. இப்போது புதிரைப் போனில் பார்த்து, பலகையில் காய் அடுக்கித்தான் போடுகிறாள். அப்புறம், போட்டி நடக்கும் கூடத்தில் அனுமதி இல்லாத போன் ஆட்டக்காரரிடம் இருப்பது தெரிந்தால் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே விதிப்படி பொதுவாக அந்த ஆட்டம் தோல்விதான். அமைப்பாளர்கள் இடம் கொடுத்தால் அணைத்துப் பையில் வைக்கலாம். அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐபோன்காரர்களுக்கு ட்ராய்ட்ஃபிஷ் கிடையாது, செஸ்ஜீனியஸ் உண்டு. தினமும் ரயிலில் போகிறவர் என்றால் அதோடு லீசெஸையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வைஃபையில் மட்டும் ஆடுகிறவருக்கு லீசெஸ் ஒன்றே தாராளம்.