பாடி வேலை அஞ்சுக்கு அஞ்சு, சார்ஜ் போடத்தான் வழியில்லை

எனக்குப் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. தேங்காய், இளநீர் யாவாரம். எங்கள் பக்கம் கள்ளு வண்டி, இளநீர் வண்டி, கொப்பரை வண்டி என்று எல்லாவற்றுக்கும் பாடி கட்டிப் பழகிய ஊர். லாரி வாங்கினால் சேசியை, அதாவது அடிச்சட்டத்தை, மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து பாடி கட்டிக்கொள்வோம். காருக்கும் அப்படித்தான் என்று நினைத்ததில்தான் எனக்குப் பணி கிடைத்தது. (மலையாளத்தில் 'பணி கிடைத்தது' என்றால் வசமாக மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.)

கார் செகண்ட் ஹேண்டில் எடுத்த எலக்ட்ரிக் எஸ்யூவி. கம்பெனி பேர் வேண்டாம். கோயமுத்தூரில் படிக்கிற பையன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது குழந்தை டாக்டர் வண்டி மாதிரி இருக்கு" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை 2,85,000 ரூபாய்.

கடை பொள்ளாச்சி ரோட்டில். அதன் பேரும் வேண்டாம், மாஸ்டர் பிழைத்துப் போகட்டும். முன்பக்கம் முழுக்க மாற்றி பழைய ஜீப் மாதிரி சப்பை மூஞ்சி, நாலு டயருக்கும் வெளியே தள்ளின வீல் ஆர்ச், இரண்டு பக்கமும் ஸ்கர்ட், மேலே இரும்பு கேரியர், பின்னால் ஏணி, எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பில்லாத பாசிப்பச்சை பெயின்ட். 45 நாள் என்றார்கள். 83 நாள் ஆச்சு. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், பட்டி காய்கிறதுக்கு மழை விடவேண்டுமே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் வேலை அபாரம். மோல்டு அவர்களே போட்டது. கதவு இடுக்கு நாலு பக்கமும் ஒரே அளவு, விரல் வைத்துப் பார்த்தேன். பட்டி பார்த்த இடம் தட்டினால்கூடத் தெரியாது. பெயின்ட் அடித்து அடுப்பில் வைக்கிற நேரத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன், எத்தனை டிகிரி என்று. 80 என்றார் பையன். வண்டி அடியில் பேட்டரி இருக்கிறதே, அதற்கு 60 டிகிரியே அதிகம் என்றேன். மாஸ்டர் வாதாடவில்லை. பேனலைக் கழற்றித் தனியாக அடுப்பில் வைத்தார், கார் பாடிக்குக் காற்றில் காயவிடுகிற பெயின்ட் அடித்தார். சொன்னதைக் கேட்கிற மாஸ்டர் கிடைப்பது அபூர்வம். ஆனால் கேட்டால்தான் செய்வார். நான் கேட்காமல் விட்டது எத்தனை என்று வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

குருவாயூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், வீட்டுக்காரி, அவளுடைய அத்தை. பாலக்காடு பைபாஸ் வந்தபோது ராத்திரி பத்தரை, சார்ஜ் 9 சதவீதம். ஃபாஸ்ட் சார்ஜரில் நிறுத்தி, சார்ஜ் கன்னை எடுத்துச் செருகுகிறேன், போகவில்லை. திருப்புகிறேன், அழுத்துகிறேன், முழங்காலை வைத்துத் தள்ளுகிறேன். சார்ஜ் போடுகிற வாய் பின் டயருக்கு மேலே இருக்கிறது. அதைச் சுற்றி இவர்கள் வைத்த வீல் ஆர்ச் 55 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. வாய் குழிக்குள் போய்விட்டது. வீட்டில் போடுகிற ஏசி கன் ஒல்லி, அது போகும். கடையிலும் அதைத்தான் மாட்டிப் பார்த்து "ஓகேங்ணா" என்றிருக்கிறார்கள். ஃபாஸ்ட் சார்ஜரில் இருக்கிற சிசிஎஸ் கன் தடி. கைப்பிடியின் தோள் ஃபைபரில் முட்டிக்கொண்டு, கடைசி ஒரு சென்டிமீட்டர் உள்ளே போகவே இல்லை. லாக் விழாவிட்டால் கரன்ட் வராது.

அத்தை காருக்குள்ளிருந்து, "ஏன் மாப்ளே, கோயில்ல துலாபாரம் நேர்ந்துட்டு மறந்துட்டியா?" என்று கேட்டாள்.

கல்மண்டபத்தில் தெரிந்த தேங்காய் கமிஷன்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, 15 ஆம்பியர் பிளக்கில் ஒன்றே முக்கால் மணி நேரம் போட்டுத்தான் ஊர் வந்து சேர்ந்தோம். அவர் வீட்டில் கட்டஞ்சாயா கொடுத்து, கூடவே உபதேசமும் கொடுத்தார். அடுத்த வாரம் கடையில் அந்த இடத்தை வெட்டி அகலப்படுத்தினார்கள். காசு வாங்கவில்லை. வெட்டின விளிம்புதான் எலி கடித்த பப்படம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது, சர்வீஸ். இதைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பாடி மாற்ற நினைக்கிற யாரும் இதை யோசிக்கிறதில்லை, நானும்தான்.

20,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு விட்டேன். சர்வீஸ் அட்வைசர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பார்த்தார். "சாரே, இது லிஃப்டில் கேற்றான் பற்றில்லா" என்றார். ஏற்ற முடியாதாம். இந்த வண்டிகளில் தரை முழுக்க பேட்டரி பெட்டி. எங்கே வேண்டுமானாலும் ஜாக்கி கொடுத்துத் தூக்க முடியாது. இரண்டு பக்க ஓரத்திலும் குறிப்பிட்ட நாலு இடத்தில்தான் லிஃப்டின் கை பிடிக்கவேண்டும். அந்த நாலு இடத்தையும் நம்ம ஸ்கர்ட் அழகாக மூடியிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு 11 போல்ட். 22-ஐயும் கழற்றி மாட்டுவது எங்கள் வேலை இல்லை, உடைந்தால் எங்கள் பொறுப்பு இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி யோசித்தபோது அவர் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது. பெட்டி நசுங்கினால் லட்சக்கணக்கில் செலவு, யார் தலையில் கட்டுவது?

கடைசியில் நான் போல்ட் கழற்ற ஆள் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது ஜாப் கார்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்: வெளியே மாற்றம் செய்த வண்டி. பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. அது போகவில்லை. ஆனால் இனி பழுது வந்தால் மாற்றத்தால் வந்ததா, தானாக வந்ததா என்று ஆராய்ச்சி நடக்கும், அதுவரை வண்டி அங்கேயே நிற்கும்.

பின்னால் ஏணிக்கு இரும்பு பிராக்கெட் வெல்டிங் வைத்திருந்ததையும் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். சின்ன பேட்டரியை (லைட்டுக்கும் கன்ட்ரோலருக்குமான 12 வோல்ட்) கழற்றினார்களா, பெரிய பேட்டரியைத் துண்டிக்கிற மெயின் டிஸ்கனெக்டை உருவிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தார்களா என்று கேட்டார் டெக்னீஷியன். நான் மாஸ்டருக்குப் போன் போட்டேன். "எதுக்குங்ணா, சாவி ஆஃப்லதான இருந்துச்சு" என்றார். சாவி ஆஃபில் இருந்தால் போதாது. வெல்டிங் கரன்ட் பாடி வழியாக ஓடி எந்தக் கன்ட்ரோலரையும் அடிக்கலாம், பெரிய பேட்டரியின் ஹை வோல்டேஜ் ஓடுகிற ஆரஞ்சு வயருக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்தால் ஆளுக்கே ஆபத்து. என் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. குருவாயூரப்பன் துணை.

சப்பை மூஞ்சியால் வந்த வினை வேறு. முன்னால் காற்று போகிற வழியில் பாதியை ஃபைபர் அடைத்துவிட்டது. எலக்ட்ரிக் காருக்கு எதற்கு ரேடியேட்டர் என்பது மாஸ்டர் கட்சி. பேட்டரியும் ஏசியும் சூட்டை வெளியே தள்ளுவது அந்தக் காற்றை வைத்துத்தான். எங்கள் சித்தூர் தாலுக்காவில் மார்ச் மாத மத்தியானம் வெளியே 40 டிகிரி. அந்த நேரத்தில் ஃபாஸ்ட் சார்ஜில் போட்டால் வேகம் பாதியாக இறங்குகிறது, முன்பு இப்படி இல்லை. கொப்பரை எடை மேடையில் நானே நிறுத்திப் பார்த்தேன், கடைக்குப் போனபோது வண்டி 1,390 கிலோ, வந்தபோது 1,480. கேரியர் காற்றையும் பிடிக்கிறது. ஒரு முழு சார்ஜில் முன்பு 215 கிலோமீட்டர் ஓடியது இப்போது 180. மேலே வைத்த லைட்டுக்கு எங்கேயோ வயரைக் கிள்ளி இணைத்து, இரண்டு தடவை காலையில் சின்ன பேட்டரி செத்துக் கிடந்தது. அதை எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தனி ஃப்யூஸ் போட்டு 600 ரூபாயில் சரி செய்துவிட்டார்.

ஒரு காலத்தில் பெங்களூரில் செய்த ரேவா நினைவிருக்கிறதா? 2001-ல் வந்தது. அதில் இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே பிளாஸ்டிக் பேனல். பேனலை மாற்றினால் சட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. இப்போதைய வண்டியில் பாடியும் சட்டமும் ஒன்று, பேட்டரியும் அதோடு கோர்த்தது. மாஸ்டரிடம் இதைச் சொன்னால், "கரூர்ல பஸ்ஸுக்கே பாடி கட்டறாங்க" என்பார். பஸ் பாடிக்கு அங்கீகாரம் வாங்கி ரிஜிஸ்டர் செய்கிறார்கள் என்பதை அவர் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

சட்டம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, நடுப்புணி, வேலந்தாவளம் என்று செக்போஸ்ட்டுகளுக்கு நடுவில் பிழைக்கிறவன். கம்பெனி கொடுத்த அளவிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். கலரை மட்டும் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொண்டேன். ஒரு நாள் வழியில் நிறுத்தினார்கள். பம்பர் ஒன்று, வீல் ஆர்ச் ஒன்று என்று எண்ணி 10,000. அந்த அதிகாரி, வண்டி நன்றாக இருக்கிறது என்று மலையாளத்தில் பாராட்டிவிட்டுத்தான் சலான் எழுதினார். இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் விட்டிருந்தால் கிளெய்மும் கையை விட்டுப் போயிருக்கும். அது தனிக் கதை.

எனவே மார்க்: ஃபைபர் வேலைக்கு 5-க்கு 5. பெயின்டுக்கு நாலரை. எலக்ட்ரிக் வண்டி அறிவுக்கு ஒன்று, அதுவும் பேனலைக் கழற்றி அடுப்பில் வைத்ததற்காக. கலரும் ஸ்டிக்கரும் மட்டும் என்றால் நானே கூட்டிப் போவேன். அதற்கு மேல் என்றால் முதலில் படத்தோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், லிஃப்டின் கை எங்கே பிடிக்கும், கன் எங்கே நுழையும் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பழைய உருப்படிகளைக் கட்டாயம் திருப்பி வாங்கி வையுங்கள். நான் வாங்கி கொப்பரைக் கொட்டகையில் போட்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய பம்பரை மறுபடி மாட்டலாம் என்று எடுக்கப் போனேன். மல்லாந்து கிடந்த பம்பருக்குள் கோழி அடை உட்கார்ந்திருந்தது.

"தொடாதீங்க" என்றாள் வீட்டுக்காரி. "இன்னும் 16 நாள் இருக்கு."