பழைய மேக்புக்கில் புதிய மேக்ஓஎஸ்: வாங்குவோர் கவனத்திற்கு

பயன்படுத்திய மேக்புக் வாங்க எண்ணியிருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய கணினிகளைப் புதுப்பித்து விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரிடம் 2017ஆம் ஆண்டு மாடல் மேக்புக் ஏர் ஒன்றை வாங்கினேன். அதில் ஆப்பிள் கணினிகளின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸின் சோனோமா பதிப்பு ஓடுவதைத் திரையிலேயே காட்டிய அவர், ஆப்பிளிடமிருந்து அப்டேட்டுகள் தொடர்ந்து வரும் என்றும் உறுதியாகச் சொன்னார்.

அது பொய். 2019 வரை புதிதாகவே விற்கப்பட்ட அந்த மாடலுக்கு ஆப்பிள் கடைசியாக அனுமதித்த இயங்குதளம், 2021இல் வெளிவந்த மான்டரே. அடுத்து வந்த வென்ச்சுராவின் பட்டியலிலேயே அது இல்லை. ஆப்பிள் வழக்கமாகக் கடைசி மூன்று பதிப்புகளுக்கே பாதுகாப்புத் திருத்தங்களைத் தருவதால், 2024 செப்டம்பரில் சோனோமாவுக்கு அடுத்த பதிப்பான செக்கோயா வந்தபோது மான்டரேயும் அந்த வரிசையிலிருந்து விழுந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடியும் என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே அறிவித்ததைப் போல ஆப்பிள் தேதி குறித்துச் சொல்வதில்லை. இத்தகைய விற்பனையாளர்களுக்கு அதுவே வசதியாகப் போய்விடுகிறது.

அவர் செய்திருந்தது, ஆப்பிள் கைவிட்ட பழைய மேக்குகளிலும் புதிய பதிப்புகளை ஓடவைக்கும் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு சோனோமாவை ஏற்றியதுதான். அந்த மென்பொருளின் மீது எனக்குக் குறையில்லை. தெரிந்து பயன்படுத்துவோருக்கு அது பெரிய உதவி. ஆனால், கணினியின் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைத் தளர்த்திய பிறகே அது இயங்குகிறது என்பதையும், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின்னும் பேட்சை, அதாவது அந்த மென்பொருள் செய்யும் திருத்தங்களை, மீண்டும் போட வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் மறைத்தது மோசடி. வழக்கமான அப்டேட் ஒன்றை நிறுவியதும் வைஃபை அறவே இல்லாமல் போயிற்று; ஒரு சாளரத்தை நகர்த்தினால் அது திக்கித் திக்கி நகர்ந்தது. விற்றவரோ "அப்டேட் போட்டது உங்கள் தவறு" என்று கூறிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

வாங்கும் முன் மாடலின் ஆண்டைப் பார்த்து, ஆப்பிளின் தளத்திலுள்ள பட்டியலில் அந்தப் பதிப்புக்கு நேராக அது இருக்கிறதா என்று சரிபாருங்கள். மேக்கிலேயே உள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷன் செயலியில் சாஃப்ட்வேர் பகுதியைத் திறந்தால், சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்ஷன் என்ற வரி இருக்கும்; மேலே சொன்ன பாதுகாப்பு அமைப்பு இதுதான்; அது எனேபிள்டு என்று காட்டாவிட்டால் காரணம் கேளுங்கள். மாடல் ஆண்டையும், ஆப்பிள் அதற்கு அனுமதித்த கடைசிப் பதிப்பையும் பில்லில் எழுதித் தர மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.