ஜிப்சிக்கு லிங்க் சஸ்பென்ஷன்: எது தேறும், எது தேறாது

மாருதி ஜிப்சியின் லீஃப் ஸ்பிரிங்கைக் (தகட்டு அடுக்கு) கழற்றிவிட்டுக் காயிலும் லிங்கும் (ஆக்ஸிலைச் சேஸியோடு பிணைக்கும் கம்பிகள்) போடக் கேட்டால், பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் மூன்று வடிவங்களைச் சொல்வார்கள்: ரேடியஸ் ஆர்ம், 3-லிங்க், முக்கோண 4-லிங்க். மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முன் ஆக்ஸிலுக்குத் தேவை வேறு, பின் ஆக்ஸிலுக்குத் தேவை வேறு.

ரேடியஸ் ஆர்மில் செலவு குறைவு, வேலையும் சுலபம். மாருதி ஜிம்னியின் முன்பக்கத்தை 3-லிங்க் என்று கம்பெனி குறிப்பிட்டாலும், அங்கே இருப்பது இரண்டு ரேடியஸ் ஆர்மும் ஒரு பான்ஹார்டு ராடும் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) தான். தார்ச் சாலையில் நிதானமாக ஓடும். ஆனால் ஒவ்வொரு ஆர்மும் ஆக்ஸிலை இரண்டு இடத்தில் பிடிப்பதால், ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது விட்டுக்கொடுப்பது புஷ் ரப்பர் மட்டுமே. அது சீக்கிரம் கிழியும். வண்டியை உயர்த்தினால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து, திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகாது. காட்டுப் பாதைக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

முன்பக்கத்துக்கு 3-லிங்க்தான் சரி. கீழே இரண்டு, மேலே ஒன்று, பக்கவாட்டில் பான்ஹார்டு ராடு. எங்கும் இறுக்கிப் பிடிக்காது. பிரேக் அடிக்கும்போது ஆக்ஸில் உருளாமல் தடுக்கும் பாரம் முழுக்க அந்த ஒற்றை மேல் லிங்கில் விழும் என்பதால், அதன் பைப்பிலும் பிராக்கெட்டிலும் சிக்கனம் கூடாது. பான்ஹார்டு ராடும் டிராக் லிங்கும் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி) கிட்டத்தட்ட ஒரே நீளம், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். வண்டியை வாங்கிக்கொள்ளும் முன், ஸ்பிரிங் இல்லாமல், ஸ்டியரிங்கைப் பூட்டி, ஆக்ஸிலை ஜாக்கியில் முழுதாக ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். சக்கரம் தானாகத் திரும்பினால் பிராக்கெட் உயரம் தப்பு. பணம் கொடுக்காதீர்கள்.

பின்பக்கத்துக்கு முக்கோண 4-லிங்க். இரண்டு லிங்குகள் V போலச் சாய்ந்து ஆக்ஸிலைப் பக்கவாட்டிலும் பிடிப்பதால் பான்ஹார்டு தேவையில்லை. ஆனால் சாய்ந்த இரு லிங்குக்கும் இடையிலான கோணம் மொத்தம் 40 டிகிரியாவது வேண்டும். குறைந்தால் ஆக்ஸில் பக்கவாட்டில் நகரும். ஆக்ஸில் முனையில் மேல், கீழ் லிங்குகளுக்கு நடுவே டயர் உயரத்தில் கால் பங்கு இடைவெளி: 31 இன்ச் டயருக்கு ஏறக்குறைய 8 இன்ச். இதே வடிவத்தை முன்பக்கம் திணித்தால் இன்ஜின் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) இடிக்கும்.

வடிவத்தைவிட அதிகம் காலை வாருவது ஜாயிண்டுதான். திறந்த ராடு எண்ட் (லிங்க் முனையில் வரும் உலோக உருண்டை ஜாயிண்ட்), ஈசிஆர் மணலிலும் உப்புக்காற்றிலும் மழைத் தண்ணீரிலும் தேய்ந்து ‘டக் டக்’ என்று ஆட்டம் காட்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள, பிரித்துச் சரிசெய்யக்கூடிய ஜாயிண்டைக் கேளுங்கள்; ஒரு முனையிலாவது ரப்பர் புஷ் இருந்தால் அதிர்வு பாடிக்கு அவ்வளவாக ஏறாது. அந்தப் புஷ் போல்ட்டை, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். கீழ் லிங்குக்கு 45-50 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. தடிமனில் சீம்லெஸ் (இணைப்புக் கோடு இல்லாத) பைப். பாறையில் இடித்தால் சாதாரண ஈஆர்டபிள்யூ (தகட்டை உருட்டி வெல்டு செய்த) பைப் வளைந்துவிடும். ஜாம் நட்டில் (ஜாயிண்டை லிங்கோடு பூட்டும் நட்டு) பெயிண்ட் கோடு போட்டு, முதல் 100 கி.மீ. ஓடியதும் அது நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிராக்கெட் 6 மி.மீ. தகட்டில், போல்ட்டை இரு பக்கமும் தாங்கும்படி இருக்கட்டும். ஆக்ஸில் குழாயில் ஒரே மூச்சில் வெல்டிங் வைத்தால் குழாய் வளைந்து ஆயில் சீலும் பேரிங்கும் போகும். இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைக்கிற பட்டறைக்குக் கூலி கூடக் கொடுக்கலாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய ஆக்ஸில் வாங்குவோர், அது நேராக இருக்கிறதா என்று லேத்தில் பார்த்த பிறகே பிராக்கெட் வேலைக்குக் கொடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.