ரோல் பேக்கா, டிடியுவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எங்கள் வீடு. கணினி விளையாட்டின் நடுவில் திரை கறுத்து, சில நொடிகளில் திரும்பி வரும். விண்டோஸ் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண் பதிவாகியிருக்கும். கிராபிக்ஸ் சிப் 2 வினாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை மீட்டமைக்கிறது. அதன் தடயம் இது.

இதற்கு நான் பார்த்த வழி இரண்டு: டிரைவரை, அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளை, முந்தையதற்கே திருப்பும் ரோல் பேக்; அல்லது அதை முழுக்கத் துடைக்கும் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்). ரோல் பேக் சுலபம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து ஒரு பட்டனை அழுத்தினால் முந்தைய டிரைவர் வந்துவிடும். புதியதைப் போட்ட மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தால் இதுவே போதும். முந்தையது சேமிப்பில் இல்லையென்றால் பட்டன் மங்கிக் கிடக்கும், அவ்வளவுதான்.

டிடியு கொஞ்சம் மெனக்கெடுகிற வேலை. விண்டோஸை அத்தியாவசியங்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் ஓட்டி, பழைய டிரைவரின் மிச்சம் மீதியைத் துடைக்கும் இலவச மென்பொருள் அது. புதிய டிரைவரை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு இணையத்தைத் துண்டிக்க வேண்டும். இல்லையென்றால் நாம் போடுவதற்குள் விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டுவிடும். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வைத்திருப்பவர்கள் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் காலையில்தான் இதைச் செய்வேன். சாயங்கால இடிமழையில் மின்சாரத்தை யார் நம்புவது?

இருமுறை ரோல் பேக் செய்தும் ஒரே வாரத்தில் திரை மறுபடி கறுத்தது. "அண்ணே, விண்டோஸையே புதுசா போட்டுடலாமே" என்றான் தம்பி. அதற்கு முன் டிடியுவை முயன்றேன், சரியானது. திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு என் ஓட்டு அதற்குத்தான். அதற்கும் மசியாவிட்டால் டிரைவரை விட்டுவிட்டு, கிராபிக்ஸ் கார்டின் விசிறித் தூசியையும் பவர் கேபிளையும் பாருங்கள்.