கூடுதல் மானிட்டர்: டைப்-சி நேரடி இணைப்பா, எம்.எஸ்.டி. ஹப்பா, டிஸ்ப்ளேலிங்க் அடாப்டரா?

கடையில் அடுக்கி வைத்திருக்கும் அடாப்டர்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: ஒரு முனை யூ.எஸ்.பி., மறுமுனை எச்.டி.எம்.ஐ. ஆனால் உள்ளே நடக்கும் வேலை வேறு வேறு. வாங்கும் முன் லேப்டாப்பின் போர்ட்டைப் பாருங்கள்.

டைப்-சி துளையருகே மின்னல் குறியோ (தண்டர்போல்ட்) டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் அதிர்ஷ்டம்தான். லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பே அந்த வழியாகப் படத்தை நேரடியாக அனுப்பிவிடும். டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) தேவையில்லை, சிபியுவுக்குச் சுமையில்லை, விளையாட்டும் ஓடும். சாதாரண டைப்-சி–எச்.டி.எம்.ஐ. கேபிளே போதும். குறி இல்லாவிட்டாலும் வசதி இருக்கக்கூடும். மாடலின் விவரப் பக்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்.டி. (மல்டி-ஸ்ட்ரீம் டிரான்ஸ்போர்ட்) ஹப், அந்த ஒரே இணைப்பை இரண்டு மூன்று மானிட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். விண்டோஸில் நல்ல தேர்வு. மேக்கில் வேண்டாம்: மேக்ஓஎஸ் இதை ஆதரிப்பதில்லை, இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும்.

இந்த இரண்டும் கைகொடுக்காத இடத்தில்தான் டிஸ்ப்ளேலிங்க். யூ.எஸ்.பி.-ஏ போர்ட் மட்டுமே உள்ள பழைய லேப்டாப்புக்கு இதுவே வழி. எம்1, எம்2 மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். இரண்டாவது வேண்டுமென்றாலும் இதுதான். இங்கே டிரைவர் திரையைப் படம்பிடித்துச் சுருக்கி, சாதாரணத் தரவாக யூ.எஸ்.பி.யில் அனுப்பும், அடாப்டரில் உள்ள சிப் அதை விரித்துக் காட்டும். 1080பி, 60 ஹெர்ட்ஸ் படம் சுருக்காமல் போனால் விநாடிக்குச் சுமார் 3 கிகாபிட். யூ.எஸ்.பி. 2.0 தருவது 0.48 கிகாபிட், 3.0 தருவது 5 கிகாபிட். பழைய 2.0 போர்ட்டில் செருகினால் மவுஸ் இழுபடுவதும் வீடியோ திக்குவதும் இதனால்தான். நீல நிறத் துளையில், இடையில் ஹப் இல்லாமல் செருகுங்கள்.

எக்செல், மெயில், கோடிங் என்றால் டிஸ்ப்ளேலிங்க்கில் குறையே தெரியாது. முழுத்திரை வீடியோ ஓடும்போது சிபியு சூடாகும். விளையாட்டுக்கு வாங்கவே வேண்டாம். இரண்டு 4கே மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் வேண்டுமென்றால் டி.எல்.-6950 சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

இதே தோற்றத்தில் மலிவாக விற்கும் அடாப்டர்கள் சிலவற்றில் எஃப்.எல்.2000 சிப் இருக்கும். அது டிஸ்ப்ளேலிங்க் போலச் சுருக்காது, பிக்சல்களை அப்படியே தள்ளும். அதனால் 3.0 போர்ட்டின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பெட்டியில் சிப் பெயரே இல்லையென்றால் தொடாமல் இருப்பது நல்லது.

டிஸ்ப்ளேலிங்க்கை நிறுவும்போது டிரைவர் முதலில், அடாப்டர் பிறகு. விண்டோஸில் விண்டோஸ் பட்டனோடு P எழுத்தை அழுத்தி, திரையை நீட்டிக்கும் தேர்வைக் கொடுங்கள். மேக்கில் டிஸ்ப்ளேலிங்க் மேனேஜருக்குத் திரைப்பதிவு அனுமதி தராவிட்டால் மானிட்டர் இருட்டாகவே கிடக்கும். அனுமதி கொடுத்த பின்னும், காப்புரிமைப் பூட்டு உள்ள ஓ.டி.டி. படங்கள் கறுப்பாகத் தெரியலாம். டிஸ்ப்ளேலிங்க்கின் வேலையைத் திரைப்பதிவாகவே மேக் கருதுகிறது. லினக்ஸில் எவ்டி (evdi) என்ற கெர்னல் மாட்யூல், அதாவது இயங்குதளத்தின் மையத்தோடு சேரும் துணைநிரல், வேண்டும். கெர்னல் புதுப்பித்த மறுநாள் மானிட்டர் காணாமல் போனால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் மாட்யூலுக்குக் கையொப்பமும் இடவேண்டும்.

டிரைவர் ஏறும்வரை டிஸ்ப்ளேலிங்க் அடாப்டரில் எதுவும் தெரியாது, கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரை உட்பட. ஆகவே டெஸ்க்டாப்பில் பயன்படுத்துபவர்கள் ஒரு மானிட்டரையாவது கிராபிக்ஸ் கார்டின் சொந்த போர்ட்டில் மாட்டி வையுங்கள்.