டிக்கா டி3எக்ஸ் லைட், 6.5 கிரீட்மூர்: பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்தால் என்ன தெரிகிறது

போல்ட் ஆக்ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி) வாங்கலாமா என்று யாராவது கேட்டால், துல்லியத்தைப் பற்றி நான் முதலில் பேசுவதே இல்லை. ஒரு காலத்தில் கை தேர்ந்த ஆளிடம் கொடுத்து, குழலை மாற்றி, ஸ்டாக்கை (துப்பாக்கியின் உடல் கட்டையை) இழைத்து, அப்புறம்தான் 100 கெஜத்தில் ஓர் அங்குலக் குரூப் கிடைக்கும், அதாவது சுட்ட தோட்டாக்கள் எல்லாம் ஓர் அங்குலத்துக்குள் விழும். இப்போது கடையிலிருக்கும் விலை குறைந்த ரைஃபிளே அதைச் செய்துவிடுகிறது. அப்படியென்றால் டிக்காவுக்குக் கூடுதலாகக் காசு கொடுப்பது எதற்கு? போல்ட்டுக்கும் ட்ரிகருக்கும் கொடுக்கலாம் என்பது என் பதில். எப்படி அங்கே வந்து சேர்ந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடுவோம். டிக்கா பின்லாந்துத் தயாரிப்பு. 6.5 கிரீட்மூர் என்பது இது சுடும் தோட்டாவின் வகை. ரீஹிமாகியில் உள்ள சாகோ தொழிற்சாலையில்தான் செய்கிறார்கள். சாகோ 1921-ல் தொடங்கியது, 2000 முதல் இத்தாலியின் பெரெட்டா குழுமத்தின் கையில் இருக்கிறது. டி3 என்ற பழைய மாடல் 2003-ல் வந்தது. 2016-ல் வந்த டி3எக்ஸில் சுட்ட பின் காலி உறை வெளியேறும் வாயை அகலமாக்கினார்கள், உதையை ஸ்டாக்குக்குக் கடத்தும், அலுமினியமாக இருந்த ரீகாயில் லக்கை எஃகாக்கினார்கள், ஸ்டாக்கின் கைப்பிடியைக் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். ஸ்கோப் இல்லாமல் மூன்று கிலோ அளவுக்குத்தான் எடை. கனடாவின் வட பகுதியில் ரோந்து போகும் கனேடியன் ரேஞ்சர்கள் 1947 முதல் தூக்கிச் சுமந்த .303 லீ என்ஃபீல்டை ஒருவழியாக ஓய்வு கொடுத்து அனுப்பினார்களே, அதற்குப் பதில் வந்த சி19 ரைஃபிளும் இந்தக் குடும்பம்தான். ஒன்டாரியோவில் கிச்சனர் நகரத்திலிருக்கும் கோல்ட் கனடா அதைத் தயாரித்தது. பனியிலும் ஈரத்திலும் தாங்குமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, துல்லியத்துக்கு வருவோம். 100 கெஜத்தில் மூன்று தோட்டாக்கள் 1 எம்ஓஏவுக்குள் விழும் என்பது டிக்காவின் உறுதிமொழி. ஒரு டிகிரியை அறுபது பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் எம்ஓஏ. 100 கெஜத்தில் 1.047 அங்குலம், 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர். உறுதிமொழியில் பொய் இல்லை. ஆனால் அந்த "மூன்று" இருக்கிறதே, அதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே ரைஃபிள், ஒரே ஆள், ஒரே தோட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சுட்டால் சராசரியாக வரும் குரூப்பைவிட ஐந்து சுட்டால் கால் பங்குக்கு மேல் பெரிதாகும், பத்து சுட்டால் ஒன்றரை மடங்கைத் தாண்டும். ரைஃபிளில் எந்தக் கோளாறும் இல்லாமலே இது நடக்கும், வெறும் கணக்கு. எண்ணிக்கை கூடக்கூட ஓரத்தில் விழும் தோட்டாவுக்கு வாய்ப்பும் கூடும், அவ்வளவுதான். அதனால் மூன்று ஓட்டை போட்ட அட்டையைப் படம் எடுத்து "அரை எம்ஓஏ ரைஃபிள்" என்று பெருமைப்படுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அதே சாகோ தன் பெயரில் விற்கும் விலை கூடிய ரைஃபிள்களுக்கு ஐந்து தோட்டா உறுதி கொடுக்கிறது என்பதையும் கவனியுங்கள். அவர்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் இல்லை.

ஆகவே நான் பத்து சுட்டேன், ஒரே அட்டையில். முன்னால் மணல் மூட்டை, பின்னால் ஸ்டாக்குக்கு அடியில் சின்ன முக்கோணப் பை, 100 கெஜம், காலை நேரம், காற்று அனேகமாக இல்லை. பைபாட் (முன்னால் மாட்டும் இரட்டைக் கால்) வேண்டுமென்றே மாட்டவில்லை. எடை குறைந்த பிளாஸ்டிக் ஸ்டாக் எதிலுமே பைபாட்டில் சாய்ந்து அழுத்தினால் முன்பகுதி வளைந்து குழலைத் தொடப் பார்க்கும், குழல் தனியே அதிர வேண்டிய இடத்தில் அது தொட்டால் தோட்டா போகும் இடமும் மாறிவிடும். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பார்த்தேன், தடங்கல் இல்லாமல் ஓடியது. ஸ்கோப் மவுண்ட் திருகுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவி) வைத்து முறுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ரைஃபிள் சரியில்லை என்று கடைக்குத் திரும்பி வரும் கேஸ்களில் பாதி இந்தத் திருகுதான் என்று கடைக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாதியோ கால்வாசியோ, நம்பக்கூடிய பேச்சுதான்.

லைட் மாடலின் குழல் ஒல்லி. மூன்று நான்கு சுட்டதுமே கை வைத்தால் சூடு தெரியும், ஐந்தாவதுக்குப் பிறகு ஸ்கோப்பில் பார்த்தால் அட்டை லேசாக நெளிகிறது, குழலிலிருந்து எழும் வெப்பக் காற்றுதான் காரணம். அந்த நெளிவுக்குள் குறுக்குக் கோட்டை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருப்பதில் அர்த்தமில்லை. எனவே ஒவ்வொரு தோட்டாவுக்கும் நடுவே போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு அடுத்த மேஜையில் ஒருவர் மசில் பிரேக் (உதையைக் குறைக்க வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் குழல் முனைத் துண்டு) போட்ட பெரிய மேக்னம் ரைஃபிள் ஒன்றை வைத்திருந்தார். அது வெடிக்கும்போதெல்லாம் பக்கவாட்டில் வந்து மோதும் காற்றில் என் மேஜையிலிருந்த காலி உறைகள் உருண்டு கீழே விழுந்தன. மனுஷன் நல்லவர்தான், ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து துல்லியம் சோதிப்பது பெரிய தண்டனை. கூட வந்த மதுரைத் தம்பி வேறு ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, "அண்ணே, மூணு சுட்டதோட நிறுத்திட்டுப் போட்டோ எடுத்திருக்கலாம்ல, நாலாவது வெளிய போயிருச்சு" என்று ஆரம்பித்தான். "அது வெளிய போறதப் பாக்கத்தான்டா வந்திருக்கோம்" என்றேன்.

பலன் இது. மேட்ச் வகை (போட்டிக்கான) 140 கிரெய்ன் தோட்டாவில் (குண்டின் எடை சுமார் 9 கிராம்) முதல் மூன்றும் இரண்டு சென்டிமீட்டருக்குள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன. ஐந்தில் இரண்டரையை ஒட்டி வந்தது. பத்தும் முடிந்த பிறகு அட்டையைக் கழற்றி அளந்தேன்: ஓட்டைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை காலிப்பர் வைத்து எடுத்து, அதில் தோட்டாவின் விட்டமான 6.7 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான அளவு கிடைக்கும். மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டியது. அதாவது பத்துத் தோட்டாவுக்கு 1.2 எம்ஓஏ பக்கம். மூன்று கிலோ எடையும் ஒல்லிக் குழலும் உள்ள வேட்டை ரைஃபிளுக்கு இது மிக நல்ல அளவு. குளிர்ந்த குழலில் போன முதல் தோட்டா கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்கவில்லை என்பது எனக்கு அதைவிடப் பிடித்தது. வேட்டைக்குப் போகிறவருக்கு அந்த முதல் தோட்டாதானே கணக்கு.

அப்புறம் மலிவாகக் கிடைத்த வேட்டைத் தோட்டா ஒன்றைப் போட்டேன், பெயர் வேண்டாம். அதே ரைஃபிள், அதே காலை, அதே மணல் மூட்டை. குரூப் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது, அதிலும் மேலும் கீழுமாகச் சிதறல். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் 100 கெஜத்தில் அது இவ்வளவு சிதற வைக்காது. இந்தக் குழலுக்கு அந்தத் தோட்டா ஒத்துவரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ரைஃபிளை மாற்றிக் கிடைப்பதைவிடத் தோட்டாவை மாற்றிக் கிடைப்பது அதிகம். ஊரில் என்சிசியில் .22 ரைஃபிளைப் படுத்துக்கொண்டு சுட்டவர்களுக்கு இந்தத் தலைவலியே இருந்திருக்காது, கையில் கொடுத்ததைப் போட்டுச் சுட வேண்டியதுதான்.

300 கெஜத்திலும் கொஞ்சம் சுட்டேன். 100-க்கு ஜீரோ வைத்திருந்தால் (அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருந்தால்) இந்த 140 கிரெய்ன் தோட்டா அங்கே சுமார் ஓர் அடி கீழே விழும், ஸ்கோப்பில் அதைத் திருகிக்கொள்ளலாம், அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை காற்று. மணிக்கு பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசினால் நான்கைந்து அங்குலம் தள்ளிவிடும். அந்தத் தூரத்தில் 1 எம்ஓஏவே மூன்று அங்குலம்தான். அப்படியிருக்க, காற்றைப் படிக்கத் தெரியாத ஆளுக்கு அரை எம்ஓஏ ரைஃபிளும் ஒன்றுதான், ஒன்றரை எம்ஓஏ ரைஃபிளும் ஒன்றுதான். இதில் நான் இன்னும் சுமார் ரகம்.

இனி காசு எங்கே போகிறது என்ற பேச்சு. போல்ட்டை 70 டிகிரி தூக்கினால் போதும், ஸ்கோப்பில் கை இடிக்காது. பின்னால் இழுக்கும்போது ஒரு சொரசொரப்பு, ஒரு ஆட்டம், ஒன்றும் கிடையாது, வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. மலிவான ரைஃபிள்களில் பாதி இழுப்பில் போல்ட் கோணலாகிப் பிடித்துக்கொள்ளும், வேகமாகச் சுடும்போது அது எரிச்சல். ட்ரிகரை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஒரு திருகால் மாற்றிக்கொள்ளலாம். நான் குறைந்த பக்கம் வைத்தேன். இழுத்தால் முன்நடை எதுவும் இல்லாமல் கண்ணாடிக் குச்சி ஒடிவதைப் போல விடுபடும் என்று விளம்பரங்களில் எழுதுவார்கள், அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரிகிறது. நல்ல குரூப்புக்குக் குழல் எவ்வளவு காரணமோ அவ்வளவு இதுவும் காரணம்.

பிடிக்காதவையும் உண்டு. மேகசினில் மூன்றே தோட்டா. வேட்டைக்குச் சரி, ரேஞ்சில் உட்கார்ந்தால் அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறது. எடை குறைவு என்பதால் தோளில் உதை தெரியும், 6.5 என்பதால் தாங்கலாம், இதையே .300 மேக்னத்தில் வாங்க எனக்குத் தைரியம் இல்லை. ஸ்டாக் உறுதிதான், ஆனால் தட்டினால் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தான்.

யாருக்கு இது? மான் வேட்டைக்குத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், மற்ற நாட்களில் ரேஞ்சுக்கும் போக வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். நாள் முழுக்க மேஜையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் சுடுவதுதான் நோக்கம் என்றால் லைட் வேண்டாம், இதே டி3எக்ஸில் தடித்த குழல் உள்ள மாடல்களைப் பாருங்கள், சூடு பிரச்சினை பாதியாகக் குறையும். துல்லியம் மட்டும் போதும், போல்ட் எப்படி ஓடினால் என்ன என்பவர்கள் இன்னும் குறைந்த விலையில் ஒன்றை வாங்கி, மிச்சக் காசில் நல்ல ஸ்கோப்பும் இரண்டு மூன்று வகைத் தோட்டாவும் வாங்கிச் சோதிப்பது புத்திசாலித்தனம். இடது கைக்காரர்களுக்கு டி3எக்ஸ் லைட்டிலேயே இடப்பக்க போல்ட் கிடைக்கிறது, எல்லா காலிபரிலும் அல்ல, ஆர்டர் கொடுப்பதற்கு முன் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.