ஸ்னோ புளோயருக்கு எந்த ஆயில்? மொபில் 1 சிந்தெடிக் 5டபிள்யூ-30 ஊற்றி ஓட்டுகிறவனின் கருத்து

மைனஸ் 20-க்குக் கீழே போகிற ஊரில் ஸ்னோ புளோயர் (பனியை வாரி வீசுகிற மெஷின்) வைத்திருக்கிறீர்கள் என்றால், அதற்கு 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஆயில்தான் சரி. நான் ஊற்றுவது மொபில் 1. தாராளமாக வாங்கலாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் பேரி நகரில். ஹூரான் ஏரியின் பகுதியான ஜார்ஜியன் வளைகுடாப் பக்கமிருந்து வருகிற காற்று ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் ஊரில் பனியாகக் கொட்டிவிட்டுப் போகும். மெஷின், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆரியன்ஸ். இரண்டு ஸ்டேஜ் (பனியை வார ஒன்று, வீசியெறிய ஒன்று), 254 சிசி. கராஜை கார் அடைத்துக்கொள்வதால் மெஷினுக்கு வெளியே இருக்கிற ஷெட்தான் இடம். அங்கே ஹீட்டர் கிடையாது. வெளியே மைனஸ் 25 என்றால் உள்ளே இருக்கிற ஆயிலும் மைனஸ் 25.

எனக்கு விற்றவர் புல்வெட்டும் மெஷினுக்கு வாங்கி மிச்சமிருந்த எஸ்ஏஇ 30 (எஸ்ஏஇ என்பது ஆயிலின் கனத்துக்கு எண் வகுத்த அமைப்பு) ஆயிலையே இதிலும் ஊற்றி வைத்திருந்தார். நவம்பரில் ஒன்றும் தெரியவில்லை. ஜனவரிக் குளிரில் ஸ்டார்ட் செய்கிற கயிற்றைப் பிடித்து இழுத்தால் பாதியிலேயே கை நின்றுவிடும். சுவரில் பிளக் செருகி எலெக்ட்ரிக் ஸ்டார்ட் போட்டாலும் மோட்டார் முனகுமே தவிர இன்ஜின் சுற்றாது. தெருவில் பனி ஒதுக்குகிற வண்டி டிரைவ்வேயின் வாசலை அடைத்து ஒரு மேடு போட்டுவிட்டுப் போயிருக்கும். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மெஷின் கிளம்பாவிட்டால் எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஆயிலை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். யாரும் செய்து பார்க்கலாம். ஊறுகாய் பாட்டில் அளவில் மூன்று கண்ணாடி பாட்டில்கள். ஒன்றில் எஸ்ஏஇ 30, ஒன்றில் சாதாரண 10டபிள்யூ-30, ஒன்றில் மொபில் 1 5டபிள்யூ-30. மூன்றையும் இறுக்கி மூடி ராத்திரி முழுக்க ஷெட்டில் வைத்தேன். காலையில் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். எஸ்ஏஇ 30 ஆறிப்போன வெல்லப் பாகு மாதிரி, மேற்பரப்பு அப்படியே சரிந்து நின்றது. பாட்டிலைக் கவிழ்த்த பிறகுதான் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. 10டபிள்யூ-30 நகர்ந்தது, ஆனால் சோம்பலாக. மொபில் 1 சாய்த்த பக்கம் உடனே ஓடி வந்தது. கெட்டிப்படாமல் இல்லை, ஆனாலும் ஓடியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இதற்குக் காரணம் உண்டு. '5டபிள்யூ' என்பதில் டபிள்யூ விண்டரைக் குறிக்கிறது. எஸ்ஏஇ தரவரிசையில் 10டபிள்யூ ஆயிலை ஸ்டார்ட் ஆகும் தன்மைக்கு மைனஸ் 25 டிகிரியில் சோதிப்பார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30-இல், 0டபிள்யூவை மைனஸ் 35-இல். வெறும் எஸ்ஏஇ 30-க்கு இந்தக் குளிர் சோதனையே கிடையாது. அது வெயில் காலத்து ஆயில். சாதாரண ஆயிலில் இருக்கிற மெழுகு குளிரில் உறைந்து கெட்டியாகும். சிந்தெடிக்கில் அந்தத் தொல்லை இல்லை.

கயிறு லேசாக வருவது மட்டும் லாபமல்ல. கார் இன்ஜினில் ஆயில் பம்ப் உண்டு, ஃபில்டர் உண்டு. ஸ்னோ புளோயரின் சின்ன இன்ஜின் பெரும்பாலானவற்றில் இரண்டும் இல்லை. கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி போன்ற ஒரு சின்ன நீட்டல் இருக்கும். அது ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் அடித்துத் தெளிக்கும். அந்தத் தெளிப்பில்தான் பேரிங், கேம், சிலிண்டர் எல்லாம் நனைய வேண்டும். ஆயில் கெட்டியாக இருந்தால் அந்தக் கரண்டி ஆயிலில் ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டு சும்மா சுற்றும், மேலே எதுவும் தெறிக்காது. இன்ஜினோ ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்திலேயே முழு வேகத்துக்குப் போய்விடும். தேய்மானம் அங்கேதான் நடக்கிறது.

ஊரில் பைக் ஓட்டிப் பழகிய நமக்கு ஒரு எண்ணம் உண்டு. மெக்கானிக் 20டபிள்யூ-40 தான் ஊற்றுவார், கெட்டி ஆயில்தான் இன்ஜினைக் காப்பாற்றும் என்போம். நாற்பது டிகிரி வெயிலில் அது நியாயம். ஆனால் 5டபிள்யூ-30 நீர்த்த ஆயில் என்று நினைத்துவிட வேண்டாம். சூடான பிறகு அது எஸ்ஏஇ 30-க்குச் சமமான கனத்தில்தான் இருக்கும். குளிரில் மட்டுமே வித்தியாசம்.

மாற்றிய பிறகு என்ன ஆச்சு? எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டுக்கு வயர் இழுக்கிற வேலையே போய்விட்டது. சோக் போட்டு, இன்ஜினுக்குள் கொஞ்சம் பெட்ரோல் தள்ளுகிற பிரைமர் பட்டனை அழுத்தி, கயிற்றை இழுத்தால் கிளம்புகிறது. முழங்கால் உயரப் பனியைத் தள்ளும்போதும் சத்தம் சீராக இருக்கிறது.

குறையும் இருக்கிறது. 5 லிட்டர் கேன் வாங்கினால்தான் விலை கட்டுப்படியாகும். ஆனால் அதன் வாய் பெரியது, இன்ஜினின் ஆயில் துவாரம் சின்னது. நீளக் கழுத்துள்ள புனல் இல்லாமல் ஊற்றினால் கையெல்லாம், பனியெல்லாம் ஆயில். மெஷினுக்குப் பிடிப்பதோ கிட்டத்தட்ட 600 மில்லி. உங்கள் காருக்கும் 5டபிள்யூ-30 தான் என்றால் கேன் வாங்குங்கள், இல்லையென்றால் சின்ன பாட்டில் போதும். பனி மெஷின் படம் போட்டு விற்கிற பாட்டிலைக் கடையில் பார்த்தால் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். அதே 5டபிள்யூ-30 சிந்தெடிக்தானா, ஆயிலின் தரத்தைக் காட்டுகிற ஏபிஐ வட்ட முத்திரையில் எஸ்ஜே அல்லது அதற்குப் பிந்திய எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் எது மலிவோ அது.

இன்னொன்று, அளவு இவ்வளவு குறைவு என்பதால் 100 மில்லி குறைந்தாலே ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மூடியின் உள்பக்கம் பால் கலந்த காப்பி நிறத்தில் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டினால் ஈரம் ஆவியாகிவிடும். ஆயிலை 50 மணி நேரத்துக்கு ஒரு முறையோ, சீசனுக்கு ஒரு முறையோ மாற்ற வேண்டும், அதையும் இன்ஜின் சூடாக இருக்கும்போதே.

வின்னிபெக், எட்மண்டன் மாதிரி இன்னும் குளிரான கனடா நகரங்கள் பக்கம் வெளியிலேயே மெஷினை நிறுத்துகிறவர்கள் மேனுவல் அனுமதித்தால் 0டபிள்யூ-30 பார்க்கலாம். ஒன்டாரியோவின் தெற்குப் பகுதிக்கு 5டபிள்யூ தாராளம்.

அப்புறம், முன்னால் பனியை வாரும் ஆகரின் கியர் பாக்ஸுக்கு இந்த ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். அதற்குத் தனி கியர் ஆயில். எந்த கிரேடு என்று மேனுவலில் இருக்கும்.